வரி எண்ணை விடுங்கள், உரிமத் தாளைப் பாருங்கள்: அமெரிக்கா–சீனா பேரம், கடலூரிலிருந்து ஒரு பார்வை

2025 ஏப்ரலில் பத்து நாளுக்குள் ஒரு எண் 54 ஆகி, 104 ஆகி, கடைசியில் 145-ல் போய் நின்றது. சீனப் பொருள்கள் மேல் அமெரிக்கா அந்த ஆண்டு புதிதாக ஏற்றிய வரி அது. சீனா சும்மா இருக்குமா, அதுவும் 34, 84, 125 என்று ஏறி வந்தது. கடலூர் முதுநகர் டீக்கடையில்கூட அந்த வாரம் இதுதான் பேச்சு. "நூத்து நாப்பத்தஞ்சாம்பா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே இந்த விவகாரம் நமக்குப் புரியாமல் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 100 ரூபாய்ப் பொருளுக்கு 145 ரூபாய் வரி கட்டி யாரும் பெரிய அளவில் வியாபாரம் செய்ய மாட்டார்கள், வியாபாரம் நின்றுபோகும், அவ்வளவுதான். அதற்கு மேல் அது 145 ஆக இருந்தால் என்ன, 245 ஆக இருந்தால் என்ன? பேரம் நடந்தது வேறு இடத்தில். எந்தப் பொருள் இல்லாமல் யாரால் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 2018-லிருந்து படித்து வந்தால், குழப்பமாகத் தெரிகிற பல விஷயங்கள் ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் வரியை யார் கட்டுகிறார்கள் என்ற அடிப்படை, ஏனென்றால் "சீனா கட்டுகிறது" என்று அமெரிக்காவில் சொன்னதையே நம் ஊரிலும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். இறக்குமதி வரியைத் துறைமுகத்தில் கட்டுவது சரக்கை இறக்குகிற அமெரிக்க இறக்குமதியாளர். அந்தப் பாரத்தை அவர் யார் தலையில் ஏற்றுகிறார் என்பது அடுத்த கட்டம். கடைக்கு வருகிறவர் தலையிலா, தன் லாபத்திலா, இல்லை நம் பக்கத்து ஏற்றுமதியாளரை விலை குறைக்கச் சொல்லியா? இறால் வியாபாரத்தில் இது இன்னும் நேரடியாக இருக்கும். வரி உட்பட எல்லாச் செலவும் சேர்த்து, வாங்குபவரின் கிடங்கு வரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டு விற்கும் ஏற்றுமதியாளர்கள் இந்தியாவில் நிறைய உண்டு. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது வரி ஏறினால் அடி அவருக்குத்தான். அவர் அடுத்த வாரமே பண்ணையில் கொள்முதல் விலையைக் குறைப்பார். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து கடலூர் மாவட்டத்துக் கிள்ளையின் இறால் குட்டைக்கரைக்கு வந்து சேரும் வழி இதுதான்.

சரி, இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது?

2001 டிசம்பர் 11 அன்று சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சீனாவுக்கு நிரந்தர வர்த்தகச் சலுகை கொடுத்துவிட்டது. சந்தையைத் திறந்துவிட்டால் சீனா தன்னாலேயே நம்மைப் போல மாறிவிடும் என்பது அன்றைய அமெரிக்கக் கணக்கு. சீனா மாறியது, ஆனால் அவர்கள் நினைத்த திசையில் மாறவில்லை. தொழிற்சாலைகள் குவிந்தன. அமெரிக்காவில் மரச்சாமான், துணி, மின்னணுப் பொருள் செய்துகொண்டிருந்த சிற்றூர்களில் வேலை போனது. 2018-ல் சரக்கு வர்த்தகத்தில் சீனாவோடு அமெரிக்காவின் பற்றாக்குறை சுமார் 41,800 கோடி டாலர். டிரம்ப் கையில் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். ஆனால் அவருடைய வர்த்தகப் பிரதிநிதி லைட்ஹைசர் தயாரித்த வழக்கு வேறு மாதிரியானது. சீனாவில் தொழில் தொடங்க வேண்டுமானால் தொழில்நுட்பத்தைக் கூட்டாளியிடம் கொடு என்று நெருக்குகிறார்கள், அறிவுசார் சொத்தைத் திருடுகிறார்கள், அரசுப் பணத்தைக் கொட்டிச் சில துறைகளை வளர்க்கிறார்கள் என்றெல்லாம் அதில் குற்றச்சாட்டுகள். 1974-ம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 301-ம் பிரிவில் விசாரணை நடத்தி, 2018 ஜூலை 6 அன்று முதல் வரியைப் போட்டார்கள். 3,400 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களுக்கு 25 சதவீதம். அன்றே சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது.

பற்றாக்குறையைக் குறைப்பதும் சீனாவின் தொழில் கொள்கையை மாற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் இந்த இரண்டு நோக்கமும் ஒரே மேசையில் கலந்தே கிடந்தன, இன்றும் கிடக்கின்றன. பற்றாக்குறை குறைய வேண்டுமானால் சீனா நிறைய வாங்கினால் போதும். கொள்கை மாற வேண்டுமானால் பெய்ஜிங் தன் ஆட்சிமுறையின் நடுவில் கைவைக்க வேண்டும். முதலாவதைத் தருவது சுலபம், இரண்டாவதைத் தரவே முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கடைசியில் பேரம் "எவ்வளவு வாங்குவீர்கள்" என்பதில் வந்து முடிகிறது.

2020 ஜனவரி 15 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்பும் சீனத் துணைப் பிரதமர் லியூ ஹேயும் கையெழுத்திட்ட முதல் கட்ட ஒப்பந்தம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே வந்து சேர்வதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. இடையில் 2018 டிசம்பர் 1 அன்று புவெனஸ் ஐரிஸில் இரண்டு தலைவர்களும் இரவு விருந்தில் உட்கார்ந்து 90 நாள் சண்டை நிறுத்தம் பேசினார்கள். அதே நாளில் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயின் நிதித் தலைவரை அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி கைது செய்தார்கள். 2019 மேயில் பேச்சு முறிந்து வரி ஏறியது. பிறகு எப்படியோ கையெழுத்தானது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில், 2017-ல் வாங்கிய அளவுக்கு மேல் 20,000 கோடி டாலருக்குச் சீனா கூடுதலாக வாங்க வேண்டும் என்பதுதான் அதன் தலைப்புச் செய்தி.

வாங்கியதா? வாஷிங்டனில் உள்ள பீட்டர்சன் ஆய்வு நிறுவனத்தில் சாட் பவுன் என்ற பொருளாதார அறிஞர் மாதம் மாதம் கணக்கு வைத்துக்கொண்டே வந்தார். ஒப்புக்கொண்ட மொத்தத்தில் சீனா வாங்கியது 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, கூடுதலாக வாங்குவதாகச் சொன்ன 20,000 கோடியில் ஒரு டாலர்கூட வந்து சேரவில்லை என்று அவர் கணக்கை முடித்தார். சீனா ஏமாற்றிவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், பாதி உண்மை அதுவாகவும் இருக்கலாம். மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். கையெழுத்தான சில வாரங்களில் கொரோனா வந்தது. 2018-லிருந்தே ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் சீனாவில் பரவிப் பன்றிகள் கொத்துக்கொத்தாகச் செத்திருந்தன, பன்றி குறைந்தால் சோயாத் தீவனமும் குறையும். போயிங் 737 மேக்ஸ் விமானம் தரையில் நின்றுகொண்டிருந்ததால் விமானம் வாங்கும் பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு நாட்டு அரசுகள் உட்கார்ந்து எந்தப் பொருளை எவ்வளவு வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டால், சந்தை அந்தப் பட்டியல்படி நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சந்தைப் பொருளாதாரம் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய நாடு இப்படிக் கொள்முதல் இலக்கு எழுதியது என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

பற்றாக்குறை என்ன ஆனது? சீனாவோடு 2024-ல் சுமார் 29,500 கோடி டாலராகக் குறைந்துவிட்டது. வெற்றி என்று சொல்லலாம், வியட்நாமைப் பார்க்காமல் இருந்தால். வியட்நாமோடு 2018-ல் சுமார் 4,000 கோடியாக இருந்த அமெரிக்கப் பற்றாக்குறை 2024-ல் 12,300 கோடியைத் தாண்டியது. சீனத் தொழிற்சாலைகளில் ஒரு பகுதி அங்கே நகர்ந்தது, ஒரு பகுதி சீனப் பாகங்களை அங்கே கோத்து அனுப்பியது. மெக்சிகோவிலும் இதே கதைதான். ஆக, தண்டவாளம் மாறியது, ரயில் நிற்கவில்லை.

அடுத்து வந்த பைடன் அந்த வரிகளை எடுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தை வேறு பக்கம் நகர்த்தினார். 2022 அக்டோபர் 7 அன்று, உயர்ரக சிப்புகளையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் சீனாவுக்கு உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி வந்தது. "உன் பொருள் இங்கே வந்தால் வரி" என்பதிலிருந்து "என் பொருள் உனக்குக் கிடையாது" என்பதற்கு மாறியது அப்போதுதான். பெய்ஜிங் அந்தப் பாடத்தை மிகக் கவனமாகப் படித்தது. 2023-ல் காலியம், ஜெர்மானியம் என்ற இரண்டு உலோகங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. சிப் தயாரிப்புக்கு வேண்டிய உலோகங்கள் அவை. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அவற்றை விற்பதையே நிறுத்தியது. அன்று இதைப் பெரிய செய்தியாக நம் பக்கம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒத்திகை அதுதான்.

இப்போது 2025 ஏப்ரலுக்கு வருவோம். ஏப்ரல் 4 அன்று, 34 சதவீதப் பதில் வரியை அறிவித்த அதே நாளில், சீனா இன்னொரு தாளையும் வெளியிட்டது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுடீசியம், ஸ்கேண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அரிய மண் உலோகங்களையும், அவை கலந்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய இனி உரிமம் வேண்டும். இது தடை கிடையாது, வெறும் விண்ணப்பப் படிவம். எங்கே போகிறது, எதற்குப் பயன்படும், கடைசியில் யார் கையில் இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருக்கும் வலுவான காந்தத்தில் பெரும்பகுதி இரும்பும் நியோடிமியமும்தான். அந்த ஏப்ரல் பட்டியலில் நியோடிமியம் கிடையாது. ஆனால் மோட்டார் சூடாகும்போது காந்தம் வலுவிழக்காமல் இருக்கச் சிறிதளவு டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள், சாம்பாரில் பெருங்காயம் போடுகிற அளவுக்குத்தான். அந்தச் சிறிதளவுக்கு உரிமம் என்றால் மொத்தக் காந்தத்துக்கும் உரிமம். உலகின் அரிய மண் உலோகச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது, காந்தத் தயாரிப்பிலும் ஏறக்குறைய அதே நிலைதான். மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு ஆலை காந்தம் இல்லாமல் ஒரு வாரம் நின்றது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கார் நிறுவனங்கள் கூக்குரல் எழுப்பின. நம் ஊரிலும் மின்சார இருசக்கர வாகன நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. சண்டை அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும், காந்தம் வராமல் நின்றது ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கும் சேர்த்து.

145 சதவீத வரிக்கு இப்படி ஒரு பலம் கிடையாது. வரி போட்டால் பொருள் விலை ஏறும், வேறு நாட்டில் வாங்கலாம், கொஞ்சம் தாமதமாகலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் செய்யப்படும் பொருளுக்கு உரிமம் என்றால் அந்த வேறு நாடே இல்லை. அமெரிக்காவுக்குக் கலிபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்று ஒரு சுரங்கம் உண்டு, ஒரு காலத்தில் உலகத்துக்கே அதுதான் தந்தது. சீன விலையோடு போட்டி போட முடியாமலும் சுற்றுச்சூழல் பிரச்சினையாலும் 2002-ல் மூடினார்கள். பின்னால் திறந்தாலும், தோண்டுவது ஒன்று, பிரித்துச் சுத்திகரித்துக் காந்தமாக்குவது வேறொன்று. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 40 கோடி டாலர் போட்டு அந்த நிறுவனத்தில் பங்கு வாங்கியது. நம் நாட்டிலும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இந்தத் தனிமங்கள் கொண்ட மோனசைட் இருக்கிறது, அரசு நிறுவனம் பல காலமாகத் தோண்டுகிறது. ஆனால் காந்தம் செய்யும் தொழில் வளரவில்லை. 2025 நவம்பரில்தான் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மணல் இருப்பதும் மோட்டார் ஓடுவதும் ஒன்றில்லை என்பது இதிலேயே தெரியும்.

அதனால்தான் மே 10 அன்று அமெரிக்க நிதியமைச்சர் பெசென்ட்டும் வர்த்தகப் பிரதிநிதி கிரியரும் ஜெனிவாவுக்குப் போய்ச் சீனத் துணைப் பிரதமர் ஹே லிஃபெங்கோடு உட்கார்ந்தார்கள். இரண்டே நாளில் அமெரிக்காவின் 145 வெறும் 30 ஆனது, சீனாவின் 125 வெறும் 10 ஆனது, 90 நாளைக்கு. இப்படி ஒரே மூச்சில் 115 புள்ளி இறங்குகிறது என்றால் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஜெனிவா முடிந்த கையோடு புகார் ஆரம்பித்தது. காந்த உரிமம் மெதுவாக வருகிறது என்று அமெரிக்கா சொன்னது. ஹுவாவே சிப்பை உலகில் எங்கே பயன்படுத்தினாலும் எங்கள் விதியை மீறியதாகும் என்று எச்சரிக்கை விட்டீர்களே, அது எந்த ஒப்பந்தத்தில் சேர்த்தி என்று சீனா கேட்டது. ஜூனில் லண்டன், ஜூலை கடைசியில் ஸ்டாக்ஹோம், ஆகஸ்டில் இன்னொரு 90 நாள் நீட்டிப்பு, செப்டம்பரில் மாட்ரிட். மாட்ரிட்டில் டிக்டாக் யாருக்குச் சொந்தம் என்பதில் ஒரு உடன்பாடு எட்டினார்கள். அதற்கும் சோயாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது, ஒரே தட்டில் எல்லாம் வைத்துப் பேசுவதுதான் இந்தப் பேரத்தின் வழக்கம்.

செப்டம்பர் 29 அன்று அமெரிக்க வர்த்தகத் துறை ஒரு விதி போட்டது. அமெரிக்காவின் ஏற்றுமதித் தடைப்பட்டியலில் உள்ள நிறுவனம் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் துணை நிறுவனங்களுக்கும் அதே தடை. படிக்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான சீன நிறுவனங்கள் வலைக்குள் வந்துவிட்டன. அக்டோபர் 9 அன்று சீனா திருப்பி அடித்தது. மேலும் ஐந்து உலோகங்கள் பட்டியலில் சேர்ந்தன. அதைவிட முக்கியம், சீனாவுக்கு வெளியே செய்த பொருளாக இருந்தாலும் அதில் சீன அரிய மண் மதிப்பு 0.1 சதவீதம் இருந்தாலே பெய்ஜிங்கின் உரிமம் வேண்டும் என்ற விதி. சிப்புக்கு அமெரிக்கா பல ஆண்டாகச் செய்ததன் நகல் இது. மறுநாள் டிரம்ப் இன்னும் 100 சதவீதம் வரி போடப்போவதாக மிரட்டினார், பங்குச் சந்தை சரிந்தது. மூன்று வாரத்தில் தென் கொரியாவின் பூசானில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தில், டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். 2019-க்குப் பிறகு நேருக்கு நேர் அதுதான் முதல் சந்திப்பு.

இந்தப் பக்கம் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இது புரியும். வரப்பு ஒரு முழம் இங்கே வந்ததா அங்கே போனதா என்று ஊரே கேட்கும்படி கத்துவார்கள். ஆனால் கூட்டுக் கிணற்றின் மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறதோ, பஞ்சாயத்து அவர் சௌகரியத்துக்குத்தான் தேதி குறிக்கும். 2025-ல் இரண்டு பேர் திண்ணையிலும் ஆளுக்கொரு சுவிட்ச் இருந்தது. அமெரிக்காவிடம் சிப், சீனாவிடம் காந்தம். சிப்பு நின்றால் சீனாவுக்கு அடி ஆண்டுக்கணக்கில் தெரியும். காந்தம் நின்றால் அமெரிக்காவுக்கு வாரக்கணக்கில் தெரியும். அவசரம் யாருக்கு என்பது அதிலிருந்து வருகிறது.

பூசானில் என்ன முடிந்தது? ஜெனிவாவுக்குப் பிறகு நின்ற அந்த 30-ல், ஃபெண்டனில் போதைப்பொருளைக் காரணம் காட்டிப் போட்ட 20 சதவீதம் 10 ஆனது. 50 சதவீத உடைமை விதியை அமெரிக்கா ஓராண்டு நிறுத்தி வைத்தது. அக்டோபர் 9 விதிகளைச் சீனா ஓராண்டு நிறுத்தி வைத்தது. சீனக் கப்பல்களுக்கு அமெரிக்காவும் அமெரிக்கக் கப்பல்களுக்குச் சீனாவும் போட்ட துறைமுகக் கட்டணமும் ஓராண்டுக்கு நிறுத்தப்பட்டது. இந்த நிறுத்திவைப்பு எல்லாம் 2026 நவம்பர் 10 வரை. கவனித்துப் பார்த்தால் இந்த விதிகளில் எதையும் ரத்து செய்யவில்லை, ஒத்திவைத்தார்கள். ஏப்ரல் 4 பட்டியல், அந்த ஏழு உலோக உரிமம், அப்படியே இருந்தது. சுவிட்ச் இருந்த இடத்திலேயே.

சோயாவில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும், வெற்றி என்று அறிவித்தது அதைத்தான். 2026 முதல் 2028 வரை ஆண்டுக்கு 2.5 கோடி டன் அமெரிக்கச் சோயாவைச் சீனா வாங்கும் என்று வெள்ளை மாளிகை சொன்னது. 2024-ல், இந்தக் கலாட்டா எதுவும் இல்லாத ஆண்டில், அமெரிக்கா சீனாவுக்கு விற்றது சுமார் 2.7 கோடி டன். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பரிசு, முன்பு தானாக நடந்துகொண்டிருந்த வியாபாரத்தைவிடக் கொஞ்சம் குறைவு! சீனா ஆண்டுக்கு இறக்குமதி செய்வது 10 கோடி டன்னுக்கு மேல். 2016-ல் அதில் 40 சதவீதம் அமெரிக்காவிடம் வாங்கியது, 2024-ல் சுமார் 20 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி பிரேசில். முதல் சுற்றுச் சண்டையில் பிரேசிலில் நிலம் திருத்தினார்கள், ரயில் பாதையும் துறைமுகமும் விரிந்தன. அவை எல்லாம் சமாதானம் வந்ததும் காணாமல் போய்விடாது. 2018, 2019-ல் மட்டும் அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு இழப்பீடாகச் சுமார் 2,800 கோடி டாலர் ஒதுக்கியது. அமெரிக்காவில் சோயா விளைக்கும் அயோவா மாநிலத்துக்காரர் அரசிடம் காசோலை வாங்கினார், சந்தையைப் பிரேசில்காரர் வாங்கிக்கொண்டார்.

பெரிய ஆட்கள் தூரத்தில் பேசி முடிப்பதும் அதன் பலனை நாம் அனுபவிப்பதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும், இருபது சொச்சம் கிலோமீட்டர் தெற்கே தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர்களும் இருந்த காலத்தில், 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு வந்தது. 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் பேசியபோது சென்னை திரும்ப ஆங்கிலேயருக்கு, அதற்கு ஈடாக வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் என்ற கோட்டை பிரெஞ்சுக்காரருக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். சென்னைக்காரர் யாரையும் கேட்கவில்லை, லூயிஸ்பர்க்காரரையும் கேட்டிருக்க மாட்டார்கள். 1783-ல் இன்னும் மோசம். ஜனவரியிலேயே வெர்சாயில் பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் ஜூன் மாதம் கடலூரில் இரண்டு படைகளும் தரையிலும் கடலிலும் மோதி நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். இன்று செய்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது, அந்த வகையில் தேவலாம்.

இன்றைய பலன் என்ன? முதலில் சிப்காட். கடலூர் சிப்காட் வளாகத்தில் மருந்து மூலப்பொருள், சாயம், ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைய. இந்தத் துறையில் நாடு முழுக்கவே இடைநிலை ரசாயனங்களுக்குச் சீனாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அமெரிக்கக் கதவு மூடும்போதெல்லாம் சீன ஆலைகள் தங்கள் உபரியை மற்ற நாடுகள் பக்கம் தள்ளுகின்றன. வாங்கிப் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கு அது மலிவு விலை, அதே பொருளைச் செய்து விற்கும் பக்கத்துத் தொழிற்சாலைக்கு அது தொழிலுக்கே ஆபத்து. ஒரே வளாகத்தில் இரண்டு பேரும் இருப்பார்கள். சீனாவோடு இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை 2024-25-ல் 9,900 கோடி டாலரைத் தாண்டியதில் இந்தத் திசைமாற்றத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் இறால். பரங்கிப்பேட்டை, கிள்ளை, வெள்ளாற்று முகத்துவாரம் பக்கம் வனாமி வகை இறால் வளர்ப்பவர்களைப் பாருங்கள். தாய் இறால் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தலில் இருந்து, பொரிப்பகத்துக்குப் போய்க் குஞ்சாகிறது. தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு. வளர்ந்த இறாலுக்கு முதல் சந்தை அமெரிக்கா, இரண்டாவது சீனா. 2024-25-ல் இந்தியா ஏற்றுமதி செய்த 62,400 கோடி ரூபாய்க் கடல் உணவில் பெரும்பங்கு உறைய வைத்த இறால்தான். சண்டை போடும் இரண்டு பேரும் ஒரே குட்டைக்குள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு விட்டு அறுவடைக்கு 100 முதல் 120 நாள் ஆகும். ஜெனிவாவில் கொடுத்தது 90 நாள், ஆகஸ்டில் கொடுத்ததும் 90 நாள். ஒரு சண்டை நிறுத்தத்தை நம்பிக் குஞ்சு விட்டால், பிடிக்கும்போது அந்த நிறுத்தம் முடிந்திருக்கும். பெரிய கம்பெனிக்கு 90 நாள் என்பது சரக்கை முன்கூட்டியே ஏற்றிக் கிடங்கில் அடுக்கும் அவகாசம். குட்டையில் இருக்கிற இறாலை முன்கூட்டி ஏற்ற முடியாது. கிலோவுக்கு 100 இறால் நிற்கும் சிறிய அளவிலேயே பிடித்தால் அது 100 கவுண்ட் விலைக்குத்தான் போகும், 40 கவுண்ட் வரை வளர விட்டால் விலை கூடும், ஆனால் தீவனமும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் மின்கட்டணமும் நோய் பயமும் கூடவே ஏறும்.

இந்தியாவுக்குத் தனிச் சிக்கலும் வந்தது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியது. நியாய விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்று சொல்லி 2005-லிருந்தே போட்டுவரும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, 2024-ல் சேர்ந்த மானிய எதிர்ப்பு வரி எல்லாம் அதற்கு மேல். சீனாவோ அந்த நேரத்தில் சண்டை நிறுத்தத்தில் இருந்தது! எதிராளி என்று சொல்லப்படுபவருக்குத் தவணை, நண்பர் என்று சொல்லப்படுபவருக்கு 50. பலருக்கு இது புரியவில்லை, கோபம்தான் வந்தது. நம்மிடம் திண்ணையில் சுவிட்ச் எதுவும் இல்லை என்று வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். நாம் விற்பதில் பெரும்பகுதியை, இறாலோ துணியோ, வேறு யாரிடமும் வாங்கலாம். நாம் விற்பதில் அப்படி மாற்றிக்கொள்ள முடியாதது மலிவு விலை மருந்து. அதற்கு அந்த 50-லிருந்து விலக்குக் கிடைத்தது.

இறாலில் நமக்குப் போட்டி ஈக்வடார். உலகிலேயே அதிகம் இறால் ஏற்றுமதி செய்யும் நாடு, அதன் சரக்கில் சுமார் பாதி சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு அமெரிக்காவில் 50 என்றபோது ஈக்வடாருக்கு 15 தான். அமெரிக்காவுக்கு அவர்கள் பக்கத்து வீடு மாதிரி, கப்பல் சீக்கிரம் போய்ச் சேரும். அவர்கள் அந்தச் சந்தையில் கூடுதலாக நுழையும்போது சீனாவில் கொஞ்சம் இடம் காலியாகும், அங்கே நம் சரக்கு போகும். ஆனால் உரித்துச் சுத்தம் செய்த இறாலுக்கு அமெரிக்கா கொடுக்கும் விலையை, இறாலைத் தலையோடு வாங்கும் சீனச் சந்தையில் எதிர்பார்க்க முடியாது. உரிக்கும் வேலைக்கு ஏற்றுமதி ஆலைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தலையோடு போகும் சரக்குக்கு அவர்கள் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை இரண்டு பேரும் கைகுலுக்கும் படம் வந்தால் நான் மூன்று விஷயத்தைத்தான் தேடுவேன். டிஸ்ப்ரோசியம் கலந்த காந்தத்துக்கு உரிமம் எத்தனை நாளில் வருகிறது, அமெரிக்கச் சிப் பட்டியலில் எது கழன்றது, அறிவித்த சலுகைக்குக் காலாவதித் தேதி என்ன. வரி எத்தனை சதவீதம் என்பது அதற்கு அப்புறம். இறால் வளர்ப்பவருக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு. குஞ்சு விடும் முன் குவாயாகில் துறைமுகத்திலிருந்து ஈக்வடார்க்காரர் இந்த மாதம் எந்தப் பக்கம் அதிகம் ஏற்றுகிறார் என்று ஏற்றுமதி ஏஜென்டிடம் கேட்டுக்கொள்வது நல்லது, அவருக்கு அது தெரிந்திருக்கும்.